சிப்பி ஒட்டாத சுத்தி

தெற்கே சாந்தோம் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டை ஓய்ந்த வருஷம், அங்கிருந்து மண்வெட்டியும் கோடாலியும் வெடிமருந்துப் பீப்பாய்களும் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்த பெரிய படகு ஒன்று ஏரியின் முகத்துவாரத்தில் அலை புரட்டிக் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். சாமானெல்லாம் அடியில் போயிற்று. பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தர்கள் சில நாள் ஆள்விட்டுத் தேடிப் பார்த்துக் கைவிட்டார்கள். படகின் மேல் மணல் ஏறியது. ஊரும் அதை மறந்தது.

பல வருஷம் கழித்து ஒரு கார்த்திகைப் புயலில் முகத்துவாரம் வடக்கே தள்ளிப்போயிற்று. பழைய இடத்தில் மணல் அரித்துக்கொண்டு போக, அந்தப் படகின் விலாக்கட்டைகள் கழுத்தளவுத் தண்ணீரில் தலைகாட்டின. அவற்றின்மேல் முதலில் கால் பட்டது எல்லம்மாவுக்குத்தான்.

எல்லம்மா ஏரியில் கையால் எறா, அதாவது இறால், பிடிப்பவள். அவள் இனத்து ஆட்களுக்குத் தோணி கிடையாது, வலை கிடையாது. பக்கத்துத் தோணிரேவு ஊர் மீனவர்களுக்கு ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை போடுவது என்று பாடு வைத்து முறை உண்டு. இவர்களுக்கு அந்த முறையிலும் இடமில்லை. பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. விரலில் தட்டுப்படுவது எறாவா, நண்டா, கெளுத்தியின் முள்ளா என்று தொட்ட மாத்திரத்தில் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் கை இருக்கும் லட்சணத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். எல்லம்மாவின் கையில் தழும்பு குறைவு.

அவளும் புருஷன் ரங்கனும் ஏரிக்கரை மேட்டில் குடிசை போட்டிருந்தார்கள். பெற்ற பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை.

புயல் முடிந்து அவள் இறங்கிய முதல் நாள், வளைந்த இரும்பு ஒன்று உள்ளங்கையைக் கிழித்தது. விடாமல் தோண்டி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். துருவும் மணலும் இறுகிக் கல்லாகி, மேலே சிப்பி அப்பிக் கிடந்தது. ரங்கன் அதைக் கல்லில் தட்டினான். ஓடு உதிர்ந்து, கிளிமூக்குப் போல முனை வளைந்த அலகு வெளியே வந்தது.

"அரிவாளும் இல்ல, கத்தியும் இல்ல. இன்னாமே இது?" என்றான்.

"சண்டைக்குப் போறவங்க முள்ளு வெட்டி வழி பண்ணுவாங்க இல்ல, அதுக்கா இருக்கும். பின்பக்கம் தொட்டுப் பாரு, கோடாலி மாதிரி கீது."

அன்றிலிருந்து அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் துளை இருந்ததற்கு இரட்டைக்கொம்பு என்று பெயர். காம்பு நுழையக் குழல் வைத்த அகலமான மண்வெட்டி முறம். பீரங்கிக்கு மேடு போட மணல் அள்ளும் நீண்ட அள்ளுகரண்டி ஓடம். மரக்காம்புகளை எப்போதோ பூச்சி தின்றுவிட்டிருந்தது, தலைகள்தான் மிஞ்சியிருந்தன. சிலவற்றின் கழுத்தில் பூப்போல ஒரு முத்திரை குத்தியிருந்தது. தண்ணீருக்குள்ளேயே கட்டைவிரலால் தடவி அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். பூ இருந்தால் நல்ல இரும்பு, அடித்தால் விரியாது. பூ இல்லாதது படையின் பின்னால் போன சில்லறைக் கொல்லர்கள் அவசரத்துக்கு அடித்தது. கடைத்தெருக் கொல்லர்களே "பூ போட்டதா கொண்டா எல்லம்மா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எறா படாத நாளில் இரும்பு கஞ்சி ஊற்றியது.

செம்புச் சாமான்கள் படகின் நடுப்பகுதியில், தனியாக ஒரு பெட்டியில் இருந்தன. பெட்டி அழுகிப்போயிருந்தது. தொட்ட உடனே அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த இரும்பெல்லாம் சிப்பி மொய்த்துக் கரடுமுரடாகக் கிடக்க, இவை மட்டும் கழுவி வைத்த பாத்திரம் போல வழுவழுவென்றிருந்தன. செம்பில் சிப்பி ஒட்டாது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தானாகவே கண்டுகொண்டாள். வெளியே எடுத்துத் தேய்த்தால் பாசிப்பச்சை போய்ச் சிவப்புத் தெரிந்தது. சின்னக் கரண்டிகள், உளிபோன்ற தட்டைக் கட்டைகள், பீப்பாய்க்கு மூங்கில் பட்டை இறுக்கும் சுத்திகள்.

இந்தச் செய்தி வேதாசலத்தின் காதுக்கு எட்டியது.

வேதாசலம் குத்தகைக்காரர். ஏரிக்கரையில், ஊரைவிட்டுத் தள்ளி, கோட்டைக்கு வெடிமருந்து இடித்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து நனைத்து இடித்து, உலர்த்திப் பீப்பாயில் அடைப்பது அங்கே வேலை. தோணிரேவுப் பெண்கள் பலர் அங்கே புடைக்கவும் கூட்டவும் போனார்கள். இரும்பு என்று ஒன்று அந்த வேலிக்குள் போகக்கூடாது. கதவின் கீல்கூட மரம்தான். இரும்பு கல்லில் உரசினால் பொறி, பொறி பறந்தால் அதோடு சரி. அதனால் அவருக்குச் செம்புக் கருவிகள் வேண்டும். அவை கப்பலில்தான் வரும், வர வருஷக்கணக்காகும்.

அவரே குடிசைக்கு வந்தார். எல்லம்மா எடுத்துவைத்திருந்த கரண்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செம்புனு எப்படிக் கண்டுபிடிக்கறே?"

"சிப்பி ஒட்டாதுங்க."

அவர் சிரித்தார். "சரி. சிப்பி ஒட்டாததெல்லாம் எனக்கு."

அப்படித்தான் அது தொடங்கியது. அரிசியாகவும் துணியாகவும் கொடுத்தார். ஏமாற்றவில்லை. அந்த மாசி மாதம் ரங்கனின் காலில் திருக்கை வால் குத்தி, புண் ஆறாமல், உப்புத்தண்ணீரில் இறங்கவே முடியாமல் போனபோது, "பட்டறைக்கு அனுப்பு, பீப்பாய் தூக்கிப்போடட்டும்" என்று அவராகவே சொன்னார். எல்லம்மா கும்பிட்டாள்.

ரங்கன் வேலைக்குப் போன அதே வாரம்தான் அந்தச் சுத்தி அவள் கையில் சிக்கியது.

பெட்டி கிடந்த இடத்தில் இல்லை அது. கொஞ்சம் தள்ளி, தனியாகக் கிடந்தது. வழுவழுப்புத்தான். ஒரு சிப்பிகூட ஒட்டவில்லை. ஆனால் கட்டைவிரல் தேடிய இடத்தில் பூ இல்லை. அதுவரை எடுத்த செம்பில் பூ இல்லாதது ஒன்றுகூடக் கிடையாது. கரையில் அதையும், முன்பே எடுத்த, காம்புத்துளை கிழிந்துபோன அதே அளவுச் சுத்தியையும் இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள். புதியது ஒரு பிடி எறா அளவுக்கு லேசாக இருந்தது.

வேதாசலத்திடம் கொடுத்தபோது அதைச் சொன்னாள். "இது மட்டும் கொஞ்சம் லேசா கீதுங்க. முத்திரையும் காணோம். உளி வெச்சி ஒரு வெட்டு வெட்டிப் பாத்துட்டு எடுத்துக்கங்க."

அவருக்கு அவசரம். பட்டறையிலிருந்த பழைய சுத்தி விரிந்துபோய்விட்டது. கோட்டைக்குப் போகவேண்டிய பீப்பாய்கள் பட்டை இறுக்காமல் நின்றன.

"சுத்திய வெட்டிட்டா அப்புறம் அதை வெச்சி இன்னா பண்றது? சிப்பி ஒட்டியிருந்ததா?"

"இல்லீங்க."

"நீ தானே சொன்னே, ஒட்டலைன்னா செம்புனு?"

எல்லம்மா வாய் திறந்தாள். மேட்டுக்குக் கீழே ரங்கன் நொண்டியபடி பட்டறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். இன்னொரு தடவை சொன்னால் அவர் முகம் மாறும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

நாலைந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. அவளும் அதை மறந்துபோனாள்.

ஆடியில் ஒரு காலை, அவள் தண்ணீரில் இருந்தாள். முதலில் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர்தான் அவள் நெஞ்சில் அடித்துப் பின்னால் தள்ளியது. சுற்றிலும் எறா துள்ளியது. பல்லிலிருந்த பறி எங்கோ போயிற்று. அதற்கப்புறம்தான் காது அடைக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தபோது பட்டறை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு மரம் முளைத்து மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஓலையும் கட்டையும் வானத்திலிருந்து தண்ணீரில் விழுந்து சீறின.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கூரை இல்லை, சுவர் இல்லை. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் எழுந்து வரவில்லை. பெண்களில் சிலரைக் கால் விரலின் மெட்டியை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். ரங்கன் வெளியே கிணற்றடியில் கிடந்தான். பீப்பாய்ப் பட்டைகளை நனைக்கத் தண்ணீர் மொள்ள வந்திருக்கிறான். முகமும் கைகளும் வெந்திருந்தன. உயிர் இருந்தது.

பிணங்களை எரித்து முடித்த மூன்றாம் நாள், தோணிரேவில் பாடு யாருக்கென்று சீட்டுக் குலுக்கும் இடத்தில் ஊர் கூடியது. எப்படி நடந்தது என்று வேதாசலத்தைக் கேட்டார்கள். செத்தவர்களின் வீட்டார் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலம்மாவின் பெயரைச் சொன்னார்.

வேலம்மா, பட்டறையில் செத்தவர்களில் ஒருத்தி, தோணிரேவு மீனவன் ஆதிகேசவனின் பெண்சாதி. ஆறு மாதக் கர்ப்பிணி. கர்ப்பமான பெண்கள் காற்றுக் கறுப்பு அண்டாமல் இருக்க இரும்பு வளையம் ஒன்றைக் கையில் போட்டுக்கொள்வது அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். "கழட்டி வெச்சிட்டு வரணும்னு எத்தனை வாட்டி சொன்னேன். பயந்துக்கினு முந்தானைல முடிஞ்சி உள்ள எடுத்துக்கினு போயிருக்கு அந்தப் பொண்ணு. வேற எப்படி இரும்பு உள்ளே வரும்?" என்றார்.

நம்புவதற்கு எளிதாக இருந்தது. அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேர் தாங்களும் அப்படித்தான் செய்திருப்போம் என்று மனசுக்குள் நினைத்தார்கள். அதனாலேயே உரக்க ஏசினார்கள். ஊர்ப் பெரியவர்கள் அந்த வருஷம் அவன் வீட்டுக்குப் பாடு இல்லை என்று தீர்த்தார்கள். பாடு இல்லையென்றால் வலை தண்ணீரில் இறங்காது. அவன் தோணியில் ஏற ஆளும் வராது. அவனுக்கு இரண்டு சின்னப் பெண்குழந்தைகள்.

குடிசையில் ரங்கன் வாழையிலையில் கிடந்தான். பேச்சு வர ஒரு வாரம் ஆயிற்று. பார்வை திரும்ப வரவில்லை. ஊர் தீர்த்ததை எல்லம்மா சொன்னதும் அவன் தலையைத் திருப்பினான்.

"வேலம்மாவா? அது தினம் வளையத்தைக் கழட்டி வேலியாண்ட புங்கமரத்துல மாட்டிட்டுத்தான் உள்ள போவும். அன்னிக்கும் மாட்டிச்சி. நான் பாத்தேன்."

"மரமே இல்லையே இப்போ."

ரங்கன் சொன்னான்: "அந்தச் சுத்தி கீது பாரு, நீ எடுத்துக் குடுத்தது. அடிச்சி அடிச்சி ஓரம் தேஞ்சிப்போயி, கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சிது. அழுக்குனு நெனைச்சேன்."

எல்லம்மா இலையை மாற்றிப் போட்டாள்.

மறுவாரம் வேதாசலம் ஆள் அனுப்பினார். வெடித்ததில் செம்புச் சாமான்கள் எல்லாம் ஏரிக்குள் சிதறிக் கிடக்கின்றன, பொறுக்கித் தரவேண்டும். வேறு யாரால் முடியும்? எல்லம்மா போனாள். குருடனுக்குக் கஞ்சி வேண்டும். கரி மிதக்கும் தண்ணீரில் பறியைக் கடித்துக்கொண்டு தடவினாள். கரண்டி வந்தது. வளைந்துபோன உளிக்கட்டை வந்தது. எது வந்தாலும் தொட்டவுடன் இன்னதென்று தெரிந்தது. எதுவென்று தெரியாத மெத்தென்ற ஏதோ ஒன்று ஒரு தடவை விரலில் பட்டது. அதை மட்டும் அவள் இழுத்துப் பார்க்கவில்லை.

சுத்தி நாலாம் நாள் கிடைத்தது. தலை மட்டும்தான். புளியம்பழ ஓடு பிளந்ததுபோல மேலே செம்புத்தகடு விரிந்து நின்றது. உள்ளே விரலை விட்டாள். ஏற்கெனவே சொரசொரவென்று துருப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

சண்டைக் காலத்தில் எவனோ ஒரு கொல்லன், செம்பு விலைக்கு இரும்பைத் தள்ளிவிட, தகடு போர்த்தி விற்றிருக்கிறான். அவன் எந்த ஊரோ, உயிரோடு இருக்கிறானோ இல்லையோ.

அதை நேராக வேதாசலத்திடம்தான் கொண்டுபோனாள். வேறு யாரிடம் போவதென்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வேலம்மா போயிட்டா. அவளுக்கு இனி பசி இல்ல, மானம் இல்ல. உனக்கு ஒரு குருடன் கீறான். இதைக் கொண்டுபோய் முகத்துவாரத்துல ஆழமா போட்டுடு. மாசாமாசம் உன் வீட்டுக்கு நெல்லு வரும். நான் இருக்கற வரைக்கும் வரும்."

எல்லம்மா சுத்தியை எடுத்துக்கொண்டு போனாள். முகத்துவாரத்தில் போடவில்லை. குடிசைக்குப் பின்னால் மணலில் புதைத்தாள். நெல் வந்தது. அவள் அதைக் குத்திச் சமைத்தாள். ரங்கனுக்கு ஊட்டினாள், தானும் சாப்பிட்டாள். ஒரு மாதம் போயிற்று. இன்னொரு மாதமும் போயிற்று. ரங்கன் சுத்தியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நெல் ஏன் வருகிறது என்றும் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள், கரையோரம் முழங்கால் தண்ணீரில் ஒருவன் குனிந்து நண்டு வளையில் கைவிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவளுடைய ஆட்களில் யாரோ என்று நினைத்தாள். கிட்டே போனபின்தான் தெரிந்தது ஆதிகேசவன் என்று. தோணியும் வலையும் உள்ள வீட்டு ஆண் சேற்றில் கைவிட்டு அவள் பார்த்ததேயில்லை. விரல்களெல்லாம் கடிபட்டு ரத்தம் வழிந்தது. பக்கத்திலிருந்த சட்டியில் சுண்டுவிரல் அளவு நண்டு இரண்டு கிடந்தன.

அவன் அவளைப் பார்த்தும் கூச்சப்படவில்லை. அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டியிருந்தான்.

"எல்லம்மா, இது எப்படிப் புடிக்கறது? கையை விட்டாலே கவ்வுது."

"வளைக்கு மேல்பக்கமா ஒட்டிக்கினு போகணும், அண்ணா. முதுகை அமுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது." அவள் குனிந்து காட்டினாள். பெரிய நண்டு ஒன்று வந்தது. அதை அவன் சட்டியில் போட்டாள்.

அவன் நண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அவளிடம் இல்லாமல் தண்ணீரிடம் சொல்வதுபோலச் சொன்னான்:

"வளையத்தைக் கழட்டி மரத்துல மாட்டிட்டுத்தான் போறேன்னு தினம் சொல்லும். நானும் நம்பிக்கினு இருந்தேன். இப்போ தெரியல. எங்கிட்டயே பொய் சொல்லிச்சோ இன்னாவோ. ராத்திரியெல்லாம் அதைத்தான் நெனைச்சிக்கினு கெடக்கறேன். செத்தவ மேல கோவமா வருது எனக்கு."

"பொய் சொல்லல அண்ணா," என்றாள் எல்லம்மா.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் அதற்குமேல் நிற்காமல் கரையேறிவிட்டாள்.

குடிசையில் அவள் மணலைத் தோண்டும் சத்தத்தை ரங்கன் கேட்டான். "எடுக்கறியா?" என்றான்.

"ஆமா."

"நெல்லு நின்னுடும்."

"நிக்கட்டும்."

"என்னையும் இட்டுக்கினு போ. மரத்துல மாட்டினத நான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் தோணிரேவில் பாடு குலுக்கல். ஆண்கள் கூடியிருந்தார்கள், வேதாசலமும் வந்திருந்தார். அவளுடைய ஆட்கள் அந்தக் கூட்டத்துக்குள் நுழைவதில்லை. எல்லம்மா வெளியே நின்றாள். அவள் தோளைப் பிடித்தபடி, முகத்தில் துணி சுற்றிய ரங்கன் நின்றான்.

"பெரியவங்க பாக்கணும்," என்று சொல்லி அவள் சுத்தியை மணலில் வைத்தாள். "பட்டறைல பீப்பாய்க்கு அடிச்ச சுத்தி இது. மேல செம்பு, உள்ள இரும்பு."

ரங்கன் தான் பார்த்ததைச் சொன்னான். புங்கமரம், வளையம், சுத்தியின் கறுப்புக்கோடு எல்லாவற்றையும் சொன்னான்.

ஊர்த்தலைவர் சுத்தியை எடுக்கத் தயங்கினார். ஆதிகேசவன்தான் எழுந்து வந்து எடுத்தான். கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் அடியில், நிழல் கறுத்திருந்த இடத்தில், நங்கூரக் கல் ஒன்று கிடந்தது. மண்டியிட்டு அதன்மேல் சுத்தியை ஓங்கி அடித்தான். பொறி பறந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அவன் நிறுத்தவில்லை, மறுபடி அடித்தான், மறுபடியும் அடித்தான், ஒவ்வொரு அடிக்கும் பொறி. கடைசியில் இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

வேதாசலம் எழுந்தார். "எனக்கு எப்படித் தெரியும்? செம்புனு சொல்லிக் குடுத்தது அவ தானே. கேளுங்க."

தலைவர் எல்லம்மாவைப் பார்த்தார். "நீயா எடுத்துக் குடுத்தே?"

"ஆமாங்க."

"செம்புனு சொன்னியா?"

"லேசா கீதுன்னு சொன்னேன். வெட்டிப் பாக்கச் சொன்னேன்."

"அப்படி ஒண்ணும் சொல்லல," என்றார் வேதாசலம்.

சொன்னபோது பக்கத்தில் யாரும் இல்லை. எல்லம்மா கீழே பார்த்தாள். "ஒரு தபாதான் சொன்னேன்," என்றாள். "ரெண்டாந்தபா சொல்லல."

ஊர் அன்றே ஆதிகேசவனுக்குப் பாடு முறையைத் திருப்பிக் கொடுத்தது. வேலம்மாவை ஏசிய பெண்கள் சிலர் அவன் வீட்டு வாசலில் போய் நின்று அழுதார்கள். வேதாசலத்தை ஊர் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த பொங்கலுக்குள் வேறொரு மேட்டில் புதுப் பட்டறை எழுந்தது. வேலைக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர் நன்றாகவே வாழ்ந்தார்.

எல்லம்மாவுக்கு யாரும் தண்டனை சொல்லவில்லை. ஒரு சொல் யாரும் ஏசவுமில்லை. ஆனால் மறுநாள் அவள் எறாப் பறியோடு கரைக்கு வந்தபோது, வழக்கமாக வாங்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தி பட்டறையில் மகளைப் பறிகொடுத்தவள். எல்லம்மா கூப்பிடவில்லை. எறா வெயிலில் சிவந்து நாறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அதை ஏரியிலேயே கொட்டினாள். கொல்லர்களும் அவள் கொண்டுவரும் இரும்பைத் தொடவில்லை. நெல்லும் வரவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் அவள் ரங்கனை ஒரு தோணியில் ஏற்றிக்கொண்டு ஏரியின் வடகரைக்குப் போய்விட்டாள். அங்கே அவள் ஆட்களின் குடிசைகள் நாலைந்து இருந்தன. தெலுங்கு பேசுகிறவர்கள். அவள் கதை அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை.

மழை விட்ட ஒரு நாள் ஆதிகேசவன் தனியாகத் தோணி தள்ளிக்கொண்டு அங்கே வந்தான். கையில் பெரிய கொடுவா மீன் ஒன்று. குடிசை வாசலில் வைத்துவிட்டு நின்றான். மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தான்.

"உன்னாலதான் எம்பொண்ணுங்க சாப்பிடுதுங்க," என்றான். மீனை நிழலுக்குத் தள்ளி வைத்துவிட்டு, "அவளை உள்ள வெச்சிக் கொன்னதும் உன் கைல வந்த சாமான்தான். ரெண்டையும் ஒண்ணா நெனைக்க முடியல என்னால. அதனால இனிமே வரமாட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்," என்றான்.

"சரிண்ணா," என்றாள் எல்லம்மா.

மீனைக் குழம்பு வைத்து ரங்கனுக்கு முள் எடுத்து ஊட்டினாள். அவன் மென்றுகொண்டே, "வந்தது ஆதிகேசவனா?" என்றான்.

"ஆமா."

"உக்காந்தானா?"

"இல்ல."

ரங்கன் தலையாட்டினான். பாதியிலேயே போதும் என்றான்.

அவன் புண் மழையில் மறுபடி சீழ்கட்டி, மார்கழி பிறப்பதற்குள் போய்விட்டான். எல்லம்மா அதற்கப்புறமும் நெடுங்காலம் இருந்தாள். எறாவும் நண்டும் பிடித்தாள். அந்தக் கரையிலும் பழைய சண்டைகளின் இரும்பு அங்கங்கே சேற்றில் கிடந்தது; கையில் பட்டால் எது மண் வெட்ட, எது முள் வெட்ட என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் எதையும் மேலே கொண்டுவந்து யாரிடமும் கொடுத்ததாக அங்குள்ளவர்கள் சொல்வதில்லை.